புதிய தேசியக் கொடியை முன்மொழிவது எப்படி: காரணத்தில் தொடங்கி கம்பம் வரை

கொடி வரைய உட்காருகிற எல்லாரும் முதலில் செய்வது ஒரே வேலைதான்: சின்னங்களைப் பட்டியல் போடுவது. மலை, நதி, தேசியப் பறவை, உழைப்பு, தியாகம், ஒற்றுமை, அப்புறம் மாகாணத்துக்கு ஒரு நட்சத்திரம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான் வரைந்த முதல் கொடியில் ஏழு சின்னங்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி விளக்கம் வேறு. விளக்கம் நன்றாகத்தான் இருந்தது, கொடிதான் கண்றாவி.

அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வதுதான் இந்த வழிகாட்டி. முதலில் காரணம், பிறகு சட்டம், பிறகு துணி. அர்த்தத்தைக் கடைசியில் எழுதலாம், அதுவும் கொஞ்சமாக. எந்த நாட்டுக்கு முன்மொழிந்தாலும் இந்த வரிசை பொருந்தும்.

படி 1: ஏன் மாற்ற வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"இப்போதிருக்கும் கொடி அழகாக இல்லை" என்பது காரணம் ஆகாது. அழகில்லாத கொடிக்காகவும் ஆட்கள் உயிரை விட்டிருக்கிறார்கள், அவர்கள் குடும்பத்தார் உங்கள் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

ருவாண்டா 2001ல் கொடியை மாற்றியது. சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டைகளின் நடுவே பெரிய கறுப்பு எழுத்து ஒன்று இருந்த பழைய கொடி, 1994 இனப்படுகொலையின் நினைவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. புதிய கொடியில் நீலம், மஞ்சள், பச்சை, ஒரு சூரியன், அவ்வளவுதான், சிவப்பே கிடையாது. இங்கே காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறானது மலாவி. 2010ல் அதிபர் பிங்கு வா முத்தாரிகா காலத்தில், கொடியில் இருந்த உதய சூரியனை எடுத்துவிட்டு முழுச் சூரியனை வைத்தார்கள். நாடு விடியும் நிலையைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்பது விளக்கம். 2012ல் அவர் இறந்தார், அதே ஆண்டில் பழைய உதய சூரியன் திரும்பி வந்தது. ஒரு தலைவரின் பெயரோடு ஒட்டிப் பிறக்கும் கொடிக்கு ஆயுள் இவ்வளவுதான். உங்கள் திட்டத்தை எந்தக் கட்சித் தலைவராவது தோளில் தூக்கிக்கொண்டு ஓட முன்வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

நியூசிலாந்தின் கதை இன்னும் சிக்கலானது. காரணம் அங்கே நல்ல காரணம்தான்: மூலையில் பிரிட்டிஷ் கொடி, பக்கத்தில் ஆஸ்திரேலியக் கொடியோடு ஓயாத குழப்பம். இரண்டு பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள், 2015 கடைசியில் ஒன்று, 2016 மார்ச்சில் ஒன்று. ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் நியூசிலாந்து டாலர் செலவு. கடைசியில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் பழைய கொடியே போதும் என்றார்கள். பிரதமர் ஜான் கீ மாற்றத்தை வெளிப்படையாக ஆதரித்ததால், கொடிக்கான வாக்கு பாதி அவருக்கான வாக்காகவும் ஆகிவிட்டது என்பது என் கணிப்பு.

எனவே உங்கள் ஒற்றை வாக்கியத்தை மாற்றம் வேண்டாம் என்கிற ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். "சரி, நீ சொல்வது புரிகிறது, ஆனாலும் வேண்டாம்" என்று அவர் சொன்னால் வாக்கியம் தேறிவிட்டது. "அதனால் என்ன?" என்று கேட்டால் திரும்ப எழுதுங்கள்.

படி 2: கொடி எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாது. ஜெர்மனியின் கறுப்பு, சிவப்பு, பொன் நிறங்கள் அதன் அடிப்படைச் சட்டத்தின் 22வது பிரிவில் இருக்கின்றன. பிரான்சின் மூவண்ணம் அரசியலமைப்பின் 2வது பிரிவில். நேபாளமோ இன்னும் ஒரு படி மேலே போய், இந்தக் கோட்டை இங்கிருந்து இழு, அந்தப் புள்ளியில் வெட்டு என்று கொடியை வரையும் முறையையே அரசியலமைப்பின் அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட நாடுகளில் நீங்கள் முன்மொழிவது வெறும் கொடி அல்ல, ஓர் அரசியலமைப்புத் திருத்தம். அதற்கு எத்தனை பங்கு பெரும்பான்மை வேண்டும் என்பது தெரியாமல் இறங்காதீர்கள்.

மற்ற இடங்களில் சாதாரணச் சட்டமோ ஓர் அறிவிப்போ போதுமாக இருக்கும். கனடாவில் 1964 டிசம்பரில் நாடாளுமன்றம் வாக்களித்தது, அரசியின் பிரகடனம் ஜனவரியில் வந்தது, 1965 பிப்ரவரி 15 அன்று மேப்பிள் இலைக் கொடி ஏறியது. வாக்கெடுப்புக்குப் பிறகு இரண்டே மாதம். (அதற்கு முந்தைய சண்டை பல மாதம் நடந்தது, அது வேறு விஷயம்.)

இன்னொன்று: பல நாடுகளில், இப்போதிருக்கும் கொடியின் மேல் எழுதுவதும் அதைச் சிதைப்பதும் குற்றம். ஆகவே "பழையது, புதியது" என்று ஒப்பிட்டுக் காட்டும்போது பழைய கொடியின் மேல் குறுக்குக்கோடு போடுகிற வேலையெல்லாம் வேண்டாம். சட்டத்தை விடுங்கள், மரியாதைக்காகவாவது.

படி 3: ஏற்கெனவே இருக்கும் கொடிகளோடு மோதிப் பாருங்கள்

1936 பெர்லின் ஒலிம்பிக்கில்தான் ஹெய்ட்டியும் லீக்டன்ஸ்டைனும் தங்கள் கொடிகள் ஒரே மாதிரி இருப்பதைக் கண்டுபிடித்தன. மறு ஆண்டு லீக்டன்ஸ்டைன் ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது. ருமேனியா 1989ல் நடுவில் இருந்த சின்னத்தை நீக்கியதும் அதன் கொடி சாட் நாட்டுக் கொடியோடு கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது, இன்றுவரை அப்படித்தான். ஜமைக்கா உஷாராக இருந்தது. அதற்காக முதலில் வரையப்பட்ட கிடைப்பட்டைக் கொடி டாங்கனிக்காவின் (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) கொடியைப் போல இருந்ததால், பட்டைகளை மூலைக்கு மூலை குறுக்காகத் திருப்பினார்கள், 1962ல் உலகத்தில் வேறெதோடும் குழம்பாத ஒரு கொடி கிடைத்தது.

உருவ ஒற்றுமையை விட ஆபத்தானது உணர்வு ஒற்றுமை. 2004ல் ஈராக்குக்கு ஒரு புதிய கொடி அறிவித்தார்கள்: வெள்ளைத் துணி, இரண்டு நீலப் பட்டை, நடுவில் ஒரு மஞ்சள் பட்டை, மேலே நீலப் பிறை. நீலம் நதிகளைக் குறிக்கிறது என்றார்கள். மக்கள் அதில் இஸ்ரேல் கொடியைத்தான் பார்த்தார்கள். கொடி நடைமுறைக்கே வரவில்லை. விளக்கவுரையால் ஒரு கொடியைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்கள் வரைவைத் தலைகீழாகவும் இடவலமாகவும் திருப்பிப் பாருங்கள். இந்தோனேசியக் கொடியைத் தலைகீழாக்கினால் போலந்து. பிலிப்பைன்ஸ் கொடியில் நீலம் மேலே இருந்தால் அமைதிக்காலம், சிவப்பு மேலே வந்தால் போர்க்காலம். அங்கே தவறிப்போய்த் தலைகீழாக ஏற்றினால் அது போர் அறிவிப்பு மாதிரி ஆகிவிடும்.

படி 4: சின்னம். நிறைய யோசியுங்கள், குறைவாக எழுதுங்கள்

இந்த இடத்தில்தான் முன்மொழிவுகள் பெரும்பாலும் கவிழ்கின்றன, அதனால் கொஞ்சம் நின்று பேசலாம்.

முதல் கேள்வி "எது நம்மைக் குறிக்கும்?" என்பதல்ல. "எந்தச் சின்னத்தைப் பார்த்தால் யார் வெளியே நிற்பதாக உணர்வார்கள்?" என்பதுதான். சைப்ரஸ் 1960ல் விடுதலை பெற்றபோது, கொடியின் வடிவமும் நிறமும் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொன்னது. கிரேக்கர்களின் நீலமும் இல்லை, துருக்கியரின் சிவப்பும் இல்லை. வெள்ளைத் துணியில் செம்பு நிறத்தில் தீவின் வரைபடம், அடியில் இரண்டு ஆலிவ் கிளை. கொசோவோவும் அதே வழியில் போனது: போட்டி விதியிலேயே அல்பேனியரின் இரட்டைத்தலைக் கழுகையும் செர்பியரின் கழுகையும் தவிர்க்கச் சொன்னார்கள், 2008ல் வரைபடமும் ஆறு நட்சத்திரமும் கொண்ட கொடி வந்தது. போஸ்னியாவில் போஸ்னியாக், செர்பியர், குரோஷியர் என்ற மூன்று தரப்பாலும் ஒத்துக்கொள்ளவே முடியாமல், 1998ல் அங்கே சமாதான ஒப்பந்தத்தை மேற்பார்வையிட்ட சர்வதேச உயர் பிரதிநிதியே ஒரு கொடியைத் தேர்ந்தெடுத்து அறிவிக்க வேண்டியதாயிற்று.

நடுநிலைக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். யாரையும் புண்படுத்தாத கொடி பல நேரம் யாரையும் தொடுவதும் இல்லை. நாட்டின் வரைபடத்தைக் கொடியில் போடுவது எனக்குப் பிடிக்காது: பறக்கும்போது அடையாளம் தெரியாது, கையால் வரைய முடியாது. வங்கதேசம் 1971ல் சிவப்பு வட்டத்துக்குள் மஞ்சள் வரைபடம் வைத்திருந்தது, 1972ல் எடுத்துவிட்டது. துணியின் இரண்டு பக்கத்திலும் அதைச் சரியாகக் கொண்டுவருவது பெரும்பாடு என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

அடுத்தது நிறத்துக்குப் பொருள் சொல்வது. இந்த நிறம் இந்த மதம், அந்த நிறம் அந்த இனம் என்று எழுதிவிட்டால் அன்றிலிருந்து கொடியில் யாருக்கு எவ்வளவு அகலப் பட்டை என்ற கணக்கு தொடங்கிவிடும். இந்திய மூவண்ணம் இந்தச் சிக்கலைக் கடந்து வந்ததுதான். 1921 காலத்தில் நிறங்களை மதங்களோடு சேர்த்துப் பேசினார்கள், அதற்கு எதிர்ப்பு வந்தது, 1931ல் காங்கிரஸ் நிறங்களுக்கு மதப் பொருள் கிடையாது என்று வெளிப்படையாகவே அறிவித்து, துணிவு, உண்மை, நம்பிக்கை போன்ற பண்புகளோடு அவற்றைச் சேர்த்தது.

தென்னாப்பிரிக்கா இன்னும் துணிச்சலான வழியில் போனது. 1994 தேர்தலுக்குள் கொடி வேண்டும். பொதுமக்களிடமிருந்து 7,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன, ஒன்றும் தேறவில்லை, வடிவமைப்பு நிறுவனங்களிடம் கேட்டார்கள், அதுவும் தேறவில்லை. கடைசியில் அரசின் மரபுச்சின்ன அதிகாரி ஃபிரெடரிக் பிரவுனெல் வரைந்ததை இடைக்காலக் கொடியாக ஏற்றார்கள். ஆறு நிறம். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று அரசு அதிகாரபூர்வமாகச் சொல்லவே இல்லை. இரண்டு வழிகள் ஒன்றாகச் சேர்வதைப் போன்ற அந்தப் பச்சை வடிவத்தில் ஆளாளுக்குத் தங்கள் பொருளைக் கண்டுகொண்டார்கள். இடைக்காலக் கொடி நிரந்தரமானது. அதே நாட்டில் அதற்கு முந்தைய பல ஆண்டுகளின் கசப்பை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

எண்ணிக்கையில் கவனம். மாகாணத்துக்கு ஒரு நட்சத்திரம் என்று வைத்தால், மாகாணம் பிரியும்போதெல்லாம் கொடியும் மாறும். பிரேசில் அப்படித்தான் 27 நட்சத்திரத்துக்கு வந்திருக்கிறது, அமெரிக்கக் கொடி இதுவரை 27 வடிவம் எடுத்துவிட்டது. ஐரோப்பியக் கொடியை 1955ல் ஏற்றபோது 12 நட்சத்திரம் உறுப்பு நாடுகளின் எண்ணிக்கை அல்ல, முழுமையின் குறி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால் நாடுகள் வந்தாலும் போனாலும் அது அப்படியே நிற்கிறது.

ஆயுதம் வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. மொசாம்பிக் கொடியில் துப்பாக்கி இருக்கிறது, அதை எடுக்க வேண்டும் என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தும் அது இன்னும் அங்கேயே இருக்கிறது. ஒன்றைக் கொடியில் ஏற்றுவது எளிது, இறக்குவதுதான் கஷ்டம்.

படி 5: காகிதத்தில் அல்ல, துணியில் யோசித்து வரையுங்கள்

வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் பரப்பிய ஐந்து விதிகள் உண்டு: எளிமையாக இரு, பொருளுள்ள சின்னம் வை, இரண்டு மூன்று நிறத்தோடு நிறுத்து, எழுத்தும் முத்திரையும் வேண்டாம், தனித்துத் தெரி. நல்ல விதிகள்தான், வேதமில்லை. பிரேசில் கொடியில் எழுத்து இருக்கிறது, தென்னாப்பிரிக்காவில் ஆறு நிறம், இரண்டும் அருமையான கொடிகள். விதியை மீறலாம், எதற்காக மீறுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

விதிகளை விடச் சோதனைகளைத்தான் நான் நம்புகிறேன். வரைவை அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்குங்கள். கறுப்பு வெள்ளையில் அச்செடுங்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் பத்து விநாடி காட்டிவிட்டு மறைத்து, நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். பிள்ளை எதை விட்டுவிடுகிறதோ அது அநேகமாகத் தேவையற்றது.

பிறகு துணியில் அச்சிட்டுத் தொங்கவிடுங்கள். காற்றில்லாத நாளில் கொடி சுருண்டு கம்பத்தோடு ஒட்டிக் கிடக்கும், வெளியே தெரிவது கம்பத்தை ஒட்டிய மேல்மூலையும் சில மடிப்புகளும்தான், அதைப் பார்த்தே அடையாளம் சொல்ல முடிய வேண்டும். முக்கியமானதைக் கம்பப் பக்கம் வையுங்கள். மறு ஓரம் காற்றில் அடிபட்டு முதலில் கிழியும்.

கனடாவின் மேப்பிள் இலையில் 11 முனை இருப்பதற்குக் குறியீட்டுப் பொருள் எதுவும் இல்லை, உண்மையான இலையில் இன்னும் அதிகம். முனைகளைக் குறைத்த பிறகுதான் பலத்த காற்றிலும் இலை இலையாகத் தெரிந்தது.

மறுபக்கத்தை மறக்காதீர்கள். இதுதான் எல்லாரும் கோட்டை விடுகிற இடம். 1947 ஜூலை 22 அன்று இந்திய அரசியல் நிர்ணய சபையில் நேரு கொடித் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது, முந்தைய கொடியில் இருந்த கைராட்டைக்குப் பதில் சக்கரம் மட்டும் ஏன் என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் சொன்னார்: ராட்டையில் ஒரு புறம் சக்கரம், மறுபுறம் நூல் சுற்றும் கதிர், கொடியைப் பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடம் மாறிவிடும். அசோகச் சக்கரம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். சவுதி அரேபியா தன் கொடியிலிருக்கும் மத வாசகத்தை விடத் தயாரில்லை, ஆகவே இரண்டு கொடியைச் சேர்த்துத் தைத்து இருபுறமும் சரியாகப் படிக்கும்படி செய்கிறது. அதற்கு எடையும் கூடும், செலவும் கூடும்.

நிறத்தில், கேடயங்களில் குலச்சின்னம் வரையும் பழைய மரபுச்சின்னக் கலையின் ஒரு விதி இன்றும் வேலை செய்கிறது: அடர்நிறத்தின் மேல் அடர்நிறம் வேண்டாம், நடுவில் வெள்ளையோ மஞ்சளோ வரட்டும். சிவப்பும் பச்சையும் நேரடியாக ஒட்டினால் நிறக்குருடு உள்ளவர்களுக்கு எல்லைக்கோடே தெரியாமல் போகலாம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு, எனவே இது ஓரத்தில் வைக்கிற விஷயமில்லை.

படி 6: அளவுத்தாள் தயாரியுங்கள்

"சிவப்பு, கொஞ்சம் அடர்த்தியாக" என்று எழுதினால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு சிவப்பைத் தைப்பார். துணிக்குப் பான்டோன் எண் (நிறத்துக்கான தரப்படுத்திய குறியீடு), அச்சுக்கு சிஎம்ஒய்கே (நான்கு மைகளின் அளவு), திரைக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவு) என்று மூன்றையும் கொடுங்கள். பிரான்சின் அதிபர் மாளிகை 2020ல் கொடியின் நீலத்தைச் சத்தமில்லாமல் கருநீலமாக்கியது, அடுத்த ஆண்டுதான் ஊடகங்களுக்கே அது செய்தியானது.

விகிதம் 2:3 என்றால் பாதுகாப்பு. 1:2 நீளமானது, காற்றில்லாவிட்டால் தொங்கிப்போகும். பெல்ஜியத்தின் 13:15, கத்தாரின் 11:28 எல்லாம் பார்க்கச் சுவாரசியம், ஆனால் பல நாட்டுக் கொடிகளை ஒரே அளவில் வைக்கும் இடங்களில் உங்கள் வடிவத்தை இழுப்பார்கள் அல்லது வெட்டுவார்கள், அப்போதும் அது தாங்குகிறதா என்று பாருங்கள். வட்டத்தின் மையம், பட்டையின் அகலம், கோணம் எல்லாம் கொடியின் உயரத்தின் பின்னமாக எழுதப்பட வேண்டும். வங்கதேசக் கொடியின் வட்டம் கம்பப் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கிறது, பறக்கும்போது நடுவில் தெரியட்டும் என்பதற்காக. ஜப்பானும் இப்படித்தான் நூறில் ஒரு பங்கு தள்ளி வைத்திருந்தது, 1999 சட்டத்தில் அதை நடுவுக்குக் கொண்டுவந்து விகிதத்தையும் 7:10லிருந்து 2:3 ஆக்கியது. எதைத் தேர்ந்தாலும் அளவை எழுதி வையுங்கள்.

படி 7: முன்மொழிவை எழுதுங்கள்

ஆறு பக்கத்தைத் தாண்டாதீர்கள். முதல் பக்கத்தில் கொடி மட்டும், ஒரு சொல்கூட வேண்டாம், அது தானாகப் பேசுகிறதா என்று தேர்வுக்குழு பார்க்கட்டும். இரண்டாம் பக்கத்தில் படி 1ல் எழுதிய அந்த வாக்கியமும், மாற்றத்தை எதிர்ப்பவர்களின் வலுவான வாதமும். ஆமாம், அவர்கள் வாதத்தை நீங்களே எழுதுங்கள். பழைய கொடியின் கீழ் பணியாற்றிய படைவீரர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத முன்மொழிவை நான் குழுவில் இருந்தால் ஓரமாக வைத்துவிடுவேன்.

பிறகு பொருள் விளக்கம், அரைப் பக்கம். "சிவப்பு தியாகிகளின் குருதி, பச்சை வளம், வெள்ளை அமைதி" என்று எழுதாதீர்கள், அதை வெட்டி நாற்பது கொடிக்கு ஒட்டலாம். உங்கள் நாட்டுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரே ஒரு செய்தியைச் சொல்லுங்கள், மீதியை விட்டுவிடுங்கள், மக்கள் நிரப்பிக்கொள்வார்கள்.

அடுத்து அளவுத்தாள், அப்புறம் கொடி நிஜ இடங்களில் எப்படி இருக்கும் என்ற படங்கள்: பள்ளிக் கம்பத்தில், கப்பலின் பின்புறத்தில், விளையாட்டுச் சட்டையின் தோளில், சவப்பெட்டியின் மேல். கடைசிப் படம் பலருக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் அங்கே கனம் இல்லாத கொடி வேறெங்கும் நிற்காது.

செலவுக்கு ஒரு பத்தி: எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை, இருக்கும் கொடிகள் தேயும்வரை பறக்கலாம், கடவுச்சீட்டும் சீருடையும் அடுத்த அச்சில் மாறலாம் என்று காலக்கெடுவோடு எழுதுங்கள்.

உரிமை பற்றி ஒரு வரி, அது முக்கியமான வரி. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் கொடியை 1971ல் வரைந்த ஹரோல்ட் தாமஸ்தான் அதன் பதிப்புரிமையாளர் என்று 1997ல் நீதிமன்றம் உறுதிசெய்தது. பின்னர் பயன்பாட்டு உரிமம் தனியார் நிறுவனங்கள் கைக்குப் போய், சட்டையில் அச்சிடுவதற்கே அனுமதி கேட்கும் நிலை வந்து, 2022ல் அரசு 2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. உங்கள் வடிவம் தேர்வானால் முழு உரிமையும் நாட்டுக்கே என்று இப்போதே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள்.

படி 8: அனுப்புங்கள், பிடியைத் தளர்த்துங்கள்

போட்டி அறிவித்திருந்தால் விதிப்படி அனுப்புங்கள். இல்லையென்றால் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், ஒரு வரலாற்றாசிரியர், ஓர் ஓய்வுபெற்ற படையதிகாரி என்று மூன்று தரப்பிலிருந்து ஆளுக்கொருவரைச் சேர்த்துக்கொண்டு, அரசியல் சாயம் இல்லாத ஒரு மனுவாகக் கொண்டுபோங்கள்.

போட்டியாளர் கூட்டத்துக்குத் தயாராகுங்கள். ஆஸ்திரேலியாவின் 1901 போட்டிக்கு வந்தவை 32,823, ஐந்து பேர் ஒரே மாதிரி வரைந்திருந்ததால் பரிசைப் பகிர்ந்தார்கள், அதில் ஒருவன் 14 வயதுப் பையன். நியூசிலாந்துக்கு வந்தவை 10,292. அதில் கண்ணிலிருந்து லேசர் பாய்ச்சும் கிவிப் பறவையும் உண்டு, உலகம் முழுக்கச் சுற்றியது என்னவோ அதுதான். இறுதிச் சுற்றுக்கு எடுத்த நான்கில் மூன்று பெரணி இலையாகவே இருந்ததில் மக்கள் கடுப்பாகி, விடுபட்டுப்போன சிவப்புச் சிகரம் என்ற வடிவத்துக்காக இணையத்தில் கையெழுத்துத் திரட்டி அதை ஐந்தாவதாகச் சேர்க்க வைத்தார்கள். அதாவது நிராகரிக்கப்பட்டாலும் கதவு முழுசாக மூடிவிடுவதில்லை.

தேர்வானாலும் அது உங்கள் கொடியாகவே வெளியே வரும் என்று எண்ண வேண்டாம். கனடாவில் பிரதமர் பியர்சனுக்கே பிடித்த மூன்று இலைக் கொடி குழுவில் தோற்றுப்போனது. நைஜீரியாவில், லண்டனில் படித்துக்கொண்டிருந்த தைவோ அகின்குன்மி 1959ல் அனுப்பிய வடிவத்தில் நடு வெள்ளைப் பட்டையின் மேல் ஒரு சிவப்புச் சூரியன் இருந்தது. நடுவர்கள் சூரியனை எடுத்துவிட்டார்கள். 1960 அக்டோபர் 1 அன்று ஏறியது பச்சை, வெள்ளை, பச்சை மட்டும்தான், இன்றும் அதுவே பறக்கிறது.

ஆகவே திருத்தக்கூடிய மூலக் கோப்பை, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி வடிவில், கூடவே அனுப்புங்கள். அப்படியே உங்களுக்கு ரொம்பப் பிடித்த அந்தச் சின்னத்தை எடுத்துவிட்ட பதிப்பையும் ஒன்று வரைந்து கையோடு வைத்துக்கொள்ளுங்கள், குழு கேட்கும்.